ஒரு பக்கத்துக்கு மட்டும் பேரம்

இனி எந்த மெக்கானிக்கும் என் மடியில் கை வைக்க முடியாது. அன்று காலை பல் விளக்கிக்கொண்டே இந்த முடிவை எடுத்தேன். கண்ணாடியைப் பார்த்து எடுத்த முடிவு. எதிரே நின்றவன் உடனே தலையாட்டினான். என் வீட்டில் எனக்கு மறுபேச்சு பேசாத ஒரே ஆள் அவன்தான்.

விஷயம், வேன். என் மனைவி கேக் செய்கிறாள், நான் வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். மூட்டை தூக்கிச் சேர்த்த காசில், கத்திக் கத்தியே விலை குறைத்து வாங்கிய வேன் அது. ஒரு வாரமாக வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அடியில் 'டொங்' என்று ஒரு சத்தம். சனிக்கிழமையோ பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு மூன்று அடுக்குக் கேக் போகவேண்டும். சிதையாமல் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுக்க வாராவாரம் ஆர்டர் என்று அங்கே தலைமைச் சமையல்காரர் சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில் மனைவி பெரிய அடுப்பு ஒன்றுக்கு முன்பணமே கட்டிவிட்டாள். எனக்குத் தெரியாமல். என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அடுப்புக்காரனை அழவைத்திருப்பேன்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய் டார்ச் அடித்தான். உச்சுக் கொட்டினான். அவன் ஒரு உச்சுக் கொட்டினால் எனக்கு ஆயிரம் செலவு. அன்றைக்குப் பல்லி மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, பின்னாடி இடது பக்கம் ஸ்பிரிங் பட்டை உடைஞ்சிருக்கு. பட்டை மாட்டற இடத்துல இருக்கிற ரப்பர் புஷ்ஷெல்லாம் தேஞ்சு போச்சு. அதைவிட முக்கியம், சேசிஸ்ல விரிசல் விட்டிருக்கு. மொத்த வண்டியும் உக்காந்திருக்கிற சட்டம் அது. தகடு வெச்சு வெல்டிங் பண்ணணும்."

"எவ்வளவு?"

"நாப்பதாயிரம்."

"வண்டிக்கா, வெல்டிங்குக்கா?"

"பட்டை ரெண்டு பக்கமும் மாத்தணும்ணே."

"இடது பக்கம்தானே உடைஞ்சுது? வலது பக்கம் என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஜோடியாத்தான் மாத்தணும். ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல தேஞ்ச செருப்பு போட்டுக்கிட்டு நடப்பீங்களா?"

"நான் ரெண்டு கால்லயும் செருப்பே இல்லாம நடந்தவன் தம்பி!"

பேரத்தில் எனக்கென்று ஒரு முறை உண்டு. கோபித்துக்கொண்டு வெளியே போவேன். கூப்பிடுவார்கள். வருவேன். மறுபடி போவேன். அன்றைக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை யாரும் கூப்பிடவில்லை. நானே குடையை மறந்துவிட்டது போல வந்தேன். நான் குடையே கொண்டு போகவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் முடித்தேன். இடது பக்கப் பட்டை மட்டும், பதினைந்தாயிரம். விரிசல் முடி அளவுதான். என் தலையில் கொத்துக் கொத்தாகக் கொட்டிய முடிக்கே நான் கவலைப்பட்டதில்லை, அதனால் விரிசலையும் புஷ்ஷையும் அப்புறம் பார்க்கலாம் என்றேன். நாற்பதில் பதினைந்து போனால் இருபத்தைந்து மிச்சம்! ஹாரன் அடித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தேன்.

மனைவி வாசலில் நின்று வேனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, வண்டி ஏன் பக்கத்து வீட்டை எட்டிப் பாக்குது?"

"எட்டியெல்லாம் பாக்கல. ரோடு சரியில்ல."

"நேத்து வரைக்கும் இடது பக்கம் சாஞ்சிருந்துச்சு. இன்னிக்கு வலது பக்கம். கட்சி மாறிடுச்சா?"

பக்கத்து வீட்டுத் தையல்காரரும் வெளியே வந்துவிட்டார். துணி வெட்டுகிற கண். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இடது பக்கம் தூக்கல் நாலு விரக்கடை. பிரிச்சுத்தான் தைக்கணும்."

"உங்க சட்டையைப் பாருங்க முதல்ல!" என்று கத்தினேன். சட்டையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

விஷயம் இதுதான். இடது பக்கம் புதுப் பட்டை விறைப்பாக நின்றது. வலது பக்கம் பழைய பட்டை படுத்துக் கிடந்தது. மனைவி உள்ளே போய் ஒரு சாதாரணக் கேக்கை மூன்று அடுக்காக அடுக்கிக் கொண்டுவந்து வேனில் வைத்தாள். தெருமுனை வரை ஓட்டச் சொன்னாள். ஓட்டினேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ஒரு அடுக்கு வலது சுவரோடு ஒட்டியிருந்தது. ஒன்று தரையில். ஒன்று மட்டும் இருந்த இடத்திலேயே, சொந்தக்காரர்கள் கைவிட்ட ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

துடைக்கத் துணி எடுக்க உள்ளே போன மனைவி ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். "இடது பக்கம் நாலு மூட்டை மணல் போட்டா சரியாயிடும்," என்றேன்.

"விரிசல் விட்ட சட்டத்து மேல மணல் மூட்டையா? வண்டி ரெண்டா போகும். ஒண்ணை நீங்க ஓட்டுங்க, ஒண்ணை நான் ஓட்டறேன்."

"என்னை என்ன பண்ணச் சொல்ற? திரும்பப் போய் அவன்கிட்ட நிக்கச் சொல்றியா? என் மானம் என்ன ஆகறது?"

"உங்க மானத்தை வீட்டுல பத்திரமா வெச்சுக்குங்க. சாவியைக் குடுங்க. நான் போய்ப் பேசறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவள் பேசுவதா? சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, "வரேங்க" என்று வேறு சொல்லிவிட்டு வருகிறவள். போகட்டும். மெக்கானிக் உரித்து அனுப்புவான். அப்போதாவது என் அருமை தெரியும்.

"மீதி வேலைக்கு இருபத்தஞ்சு. அதைப் பாதிக்குக் குறைச்சு முடிச்சுட்டு வா. முடிச்சிட்டா, இனி அவன் ஒர்க்‌ஷாப் பக்கமே நான் தலைவெச்சுப் படுக்கல."

"படுக்கவும் வேணாம், நிக்கவும் வேணாம். உள்ளயே போகமாட்டேன்னு சொல்லுங்க."

"போகமாட்டேன்!"

"தையல்காரரே, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"அளவெடுத்துட்டேன்மா," என்றார் அவர்.

மறுநாள் மாலை வேன் வந்தது. எந்தப் பக்கமும் சாயாமல் வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியது, 'டொங்' இல்லை. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். வலது பக்கமும் புதுப் பட்டை. புது புஷ்கள். விரிசல் இருந்த இடத்தில் கட்டை விரல் கனத்தில் தகடு, மேலே கறுப்புப் பெயிண்ட். குறை சொல்ல இடம் தேடித் தேடி முதுகுதான் வலித்தது.

"எவ்வளவு குடுத்த?" அடியில் இருந்தபடியே கேட்டேன்.

"நாலாயிரம்."

தலை சேசிஸில் இடித்தது. சேசிஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை கேக் ஒரு பூ இதழ்கூட உதிராமல் போய்ச் சேர்ந்தது. தலைமைச் சமையல்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். வருஷ ஆர்டர் எங்களுக்குத்தான் என்று கையைக் குலுக்கினார். என் கையை அல்ல. திரும்பி வரும்போது மனைவி முன் சீட்டில் சின்னப் பெண் மாதிரி காலை ஆட்டிக்கொண்டு, புது அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று பேசிக்கொண்டே வந்தாள். எனக்கும் உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் பொறுக்கவில்லை.

"என்ன சொல்லி அவனை மடக்கின?"

"மடக்கவே இல்ல. அவர் சொன்ன விலையைக் குடுத்தேன்."

"எனக்கு நாப்பதுன்னானே!"

"உங்களுக்கு வேற விலை. நீங்க குறைக்கறதுக்குன்னு கொஞ்சம் ஏத்தி வெப்பாராம். கத்தறதுக்குக் கொஞ்சம். நீங்க போயிட்டுப் போயிட்டு வர்ற வரைக்கும் ஆளுங்க வேலையை விட்டுட்டு வேடிக்கை பாக்கறாங்களே, அந்தக் கூலி கொஞ்சம். நீங்க குடுத்த பதினஞ்சுலயே ரெண்டு பக்கத்துப் பட்டையும் அடங்கிப் போச்சு. நாலாயிரம் வெல்டிங்குக்கும் புஷ்ஷுக்கும்தான்."

"இதை எப்போ சொன்னான்?"

"கேக் சரிஞ்சுதே, துணி எடுக்க உள்ள போனப்பவே போன் போட்டேன். 'அண்ணன் இனிமே உள்ள வரமாட்டாருன்னு அவர் வாயாலயே சொல்லவெச்சிட்டு வாங்கக்கா, நியாயமான விலைக்குச் செஞ்சு தரேன்'ன்னாரு. அப்புறம்தான் உங்ககிட்ட சாவி கேட்டேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிஷம் கத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அடுப்புக்கு இடம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் வேனுக்கு ஆயில் மாற்றுவதென்றாலும் அவள்தான் உள்ளே போகிறாள். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், ஒரு மரத்தடியில் நிற்கிறேன். போன வாரம் மெக்கானிக் எனக்கு ஒரு டீ கொடுத்தனுப்பினான். நல்ல டீ. "தம்பி, டீ எவ்வளவு?" என்று இங்கிருந்தே கத்தினேன்.

"விலை கேக்காம குடிச்சா இனாம், அண்ணே!" என்றான்.