விறகுப் பூதத்தின் சிவப்புக் கம்பளி

பதுளை,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய ஜீவராணி அத்தை அவர்களுக்கு, தங்கள் அண்ணன் மகன் சதீஸ்குமார் தலை நிமிராமல் எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் சளியும் இருமலுமாகப் படுத்திருப்பதாகவும், அதற்குக் காரணம் நான்தான் என்றும் அம்மா சொன்னார். நான் போனில் கோல் எடுத்தால் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

டிசைன் வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த வேலை, காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் வீடியோ. "வில்லன் இல்லாம எந்தப் பிள்ளையும் பார்க்காது" என்றார் பாடம் எடுக்கும் சேர். வில்லனைத் தேடி ஊருக்கு வந்தேன். மழையில் சிவப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, செடி புதிதாகத் துளிர்க்கக் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிக் கட்டைச் சுமந்து, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நீங்கள் வந்தீர்கள். "சும்மா ஒரு வீடியோ அத்தை" என்றேன். "இருடா, மூஞ்சிக்குப் பவுடர் போட்டுக்கிட்டு வாறேன்" என்று ஓடினீர்கள். அந்தப் பவுடரையும் விடாமல் வரைந்தேன். காட்டை அழித்துப் பூமியைச் சூடாக்கும் விறகுப் பூதம் வெள்ளை முகத்தோடு பிறந்தது.

நீங்களோ, "எங்க மருமகன் என்னைய கார்ட்டூன்ல போட்டிருக்கான்" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படம் போட்ட அன்று அத்தனை பேரையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தீர்கள். பூதம் சாய்ந்து சாய்ந்து வந்ததுமே பிள்ளைகள் கத்தினார்கள்: "டேய், நம்ம துஷாந்தினியோட அம்மாடா!" கதாநாயகச் சிறுமி தண்ணீரை ஊற்றிப் பூதத்தின் அடுப்பை அணைத்தபோது ஒரே கைதட்டல். நீங்களும் தட்டினீர்கள், அத்தை. அதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாளிலிருந்து துஷாந்தினிக்குப் பெயர் "பூதத்து மக". அவள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். நீங்கள் கம்பளியை வீட்டில் வைத்துவிட்டு, ஆள் பார்க்காத பின்பக்க மலையால் நனைந்து நனைந்து விறகுக்குப் போயிருக்கிறீர்கள்.

நீங்க ஒரு மரத்தையும் வெட்டல. கம்பெனி வெட்டிப் போட்ட குச்சியைத்தான் பொறுக்குறீங்க. சமைக்கக் கேஸ் வாங்க முடியாத சம்பளம் தர்றதும் அதே கம்பெனிதான். பேக்டரி அடுப்புக்கு லொறி லொறியா மரம் போகுதே, அதை ஏன்டா வரையலன்னு கேட்டா, அன்னைக்குப் புரொஜெக்டரும் பிஸ்கட்டும் குடுத்தது அவங்க. தோட்டத்து மேனேஜர் துரையோட ஜீப்பை வரையப் பயந்து அத்தையை வரைஞ்சேன். அவ்வளவுதான் என் வீரம்.

அந்த வீடியோவை இனி ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க, அழிச்சிடுறேன். துஷாந்தினியைப் பள்ளிக்கூடம் அனுப்புங்க. நீங்க கம்பளியைப் போட்டுக்கிட்டு நடுரோட்டுல நடங்க.

வீட்டில் எல்லோருக்கும் வணக்கம். மாமாவுக்கு மட்டும் தூரத்திலிருந்தே வணக்கம். தோட்டத்து மாரியம்மா உங்களுக்குச் சுகத்தையும் எனக்கு வேண்டிய உதையையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வெட்கங்கெட்ட மருமகன்,
சதீஸ்குமார்.

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது சேர் கோல் எடுத்தார். வீடியோவுக்கு மாகாணத்தில் முதல் பரிசாம். எல்லாத் தோட்டப் பள்ளிக்கூடங்களிலும் காட்டப் போகிறார்களாம். பரிசளிப்பு மேடைக்குப் பூதத்தையும் அதே சிவப்புக் கம்பளியோடு கூட்டிவர முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன், அத்தை.