இன்னும் ஆறு மாதம் கிடைத்திருந்தால்

போரில் ஜெயித்த விமானத்தை யாரும் நேசிக்கலாம். போருக்கே போகாத விமானத்தை நேசிப்பதற்கென்று ஓர் இனம் உண்டு. 2004-ல் சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் எங்கள் மாடியில் குடியிருந்த எலியேசர் சார் அந்த இனம்.

பத்து நிமிடத்துக்கு ஒரு விமானம் எங்கள் தண்ணீர்த் தொட்டியை உரசுவதுபோல் இறங்கும். அவர் அண்ணாந்துகூடப் பார்க்கமாட்டார். மனசெல்லாம் ஷிண்டென். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜப்பான்காரர்கள் சுழலும் விசிறியைப் பின்னாலும் சின்ன இறக்கையை மூக்கிலும் வைத்து, திருப்பி மாட்டியதுபோல் கட்டிய விமானம். மூன்று தடவை ஏறி இறங்கியது, அதற்குள் போர் முடிந்துவிட்டது. "இன்னும் ஆறு மாசம் கிடைச்சிருந்தா சார்..." என்பார், கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தவரிடமும், ஒருமுறை துக்க வீட்டில் இறந்தவரின் மச்சானிடமும். யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்றே அவர்களுக்குத் தெரியாது. அதனாலென்ன?

அவர் மகள் ரேஷ்மாவைப் பெண் பார்க்க வந்தார்கள். நாற்காலி இரவல் கொடுத்த உரிமையில் நானும் இருந்தேன். "இன்னிக்கு ஒரு நாள் பிளேன் பேச்சு வேணாங்க" என்று அவர் மனைவி சரசு சத்தியமே வாங்கியிருந்தார். மனுஷர் கேசரி வரும்வரை தாக்குப்பிடித்தார். சிறுசேரியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைப் பையன் ஜோஷ்வா, அலமாரியிலிருந்த தெர்மோகோல் பொம்மையைப் பார்த்துக் கேட்டான்:

"அங்கிள், இது ஷிண்டென்தானே?"

எலியேசர் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா என்ஜின் சூடாகும் அங்கிள். ஜெர்மன்காரன் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு விசிறி வெச்சு ஒரு பிளேன் கட்டினான் பாருங்க, அதுக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைச்சிருந்தா..."

அவ்வளவுதான். பஜ்ஜிகள் விமானங்களாகிப் பறந்தன, மோதின, சட்னியில் விழுந்தன. பெண் வந்து காபி வைத்ததை இருவருமே பார்க்கவில்லை. சண்டை மொட்டைமாடிக்குப் போய், ஒன்றரை மணி நேரம் கழித்து, தோளில் கை போட்டுக்கொண்டு இறங்கி வந்தது.

"இவர்தான் மாப்பிள்ளை" என்றார் எலியேசர் சார்.

"வேணாம்பா" என்றாள் ரேஷ்மா, அமைதியாக. "வீட்ல ஒருத்தர் போதும்."

பையனின் அம்மா கோபிக்கவில்லை. ரேஷ்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல முடிவும்மா" என்றார்.

ரேஷ்மா அடுத்த வருடம் அனகாபுத்தூர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். வானத்தைப் பார்த்தால் மழை வருமா என்று மட்டும் கேட்பவர். ஜோஷ்வா ஞாயிறு தவறாமல் வந்தான், மாமனார் ஆகாதவரைப் பார்க்க.

சிரிக்கிறீர்கள். சரி, ஒரே ஒரு மேட்ச் ஆடவிட்டு டீமிலிருந்து தூக்கிவிட்ட பேட்ஸ்மேன் யாராவது உங்கள் நினைவில் உண்டா? உண்டா? பாருங்கள், அவனுக்கு மட்டும் இன்னொரு சான்ஸ் கொடுத்திருந்தால் என்று ஆரம்பித்தேவிட்டீர்கள். பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்களே, இப்போது இருக்கிறார்களா?