ஓட ஓட பெட்ரோல் கூடும் வண்டி

மதிப்பும் பிரியமும் உள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமனார் யார் துணையும் இல்லாமல் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமியார், உங்கள் மனைவி, அவள் வயிற்றில் இருக்கும் ஆள், உங்கள் வண்டி ஆகிய ஐந்து பேரும் சுகம். ஐந்தாவது ஆளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது. கப்பலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். மேற்கொண்டு படிக்கும்போது எதையாவது பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

போனில் சொன்னால் போதாதா என்று உங்கள் மாமியார் கேட்கிறாள். நடுக்கடலில் போன் எடுக்காது என்பது ஒன்று. எழுபத்தொரு வயதில் எழுதக் கற்றவன் எதற்கு வாயை வலிக்கவைக்க வேண்டும் என்பது இன்னொன்று. இது மூன்றாம் நாள், இரண்டாம் தாள். உங்கள் கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் சேர்த்துவிடுவார்களாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கிளம்பும் அன்று சாவியை என் கையில் வைத்து, "வலி வந்தா நம்ம வண்டியிலதான் கூட்டிட்டுப் போகணும் மாமா, எங்கப்பா வாங்குன வண்டி" என்றீர்கள். நானும் நெஞ்சில் கை வைத்துச் சரி என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் இப்போது என் கவலை. டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

எல்லாம் என் படிப்பால் வந்தது. மாலை வகுப்பு டீச்சரம்மா, "பாக்குற பொருளுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டுங்க ஐயா, எழுத்து தானா கைக்கு வந்துடும்" என்றார். சமையலறை டப்பா, அலமாரி, வாளி, சுவிட்சு என்று வீடு முழுக்க ஒட்டினேன். உங்கள் மாமியார், "என் நெத்தி ஒண்ணுதான் பாக்கி, அதையும் முடிச்சிடுங்க" என்றாள். மிச்சம் இருந்தது உங்கள் வண்டி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் அந்த மீட்டர் பலகையைப் பார்த்ததும் எனக்குக் கை ஊறியது. பெட்ரோல், சூடு, ஆயில், சார்ஜ் என்று நான்கு துண்டு எழுதினேன். மேலே ஒட்டினால் துடைக்கும்போது உரிந்துவிடும், ஓரத்தைப் பலகைக்குப் பின்னால் மடித்து ஒட்டினால் உங்கள் பிள்ளையின் பிள்ளை காலம் வரை நிற்கும் என்று திருகாணிகளைக் கழற்றிப் பலகையை வெளியே இழுத்தேன். திரும்ப மாட்டும்போது ஒரு கறுப்பு ஒயர் மட்டும் சும்மா தொங்கியது. எந்தக் குடும்பத்திலும் வேலைவெட்டி இல்லாமல் ஒருவர் இருப்பது சகஜம்தானே என்று மடித்து உள்ளே தள்ளிவிட்டேன்.

மறுநாள் நம் பொண்ணைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். கிளம்பும்போது பெட்ரோல் முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. பாலம் தாண்டும்போது முக்கால். ஆஸ்பத்திரி வந்தபோது முழுசு. மாப்பிள்ளை, நான் முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவன். அந்த லாரிகளில் மீட்டர் என்பது செத்தவர் வீட்டுக் கடிகாரம் போல, முள் இருக்கும், நகராது. என் காதும் மூக்கும்தான் மீட்டர். அதனால் நகர்கிற முள்ளைப் பார்த்ததும் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. இவ்வளவு பழைய வண்டி, அந்தக் காலத்துக்காரன் என்னென்ன வித்தை வைத்தானோ, ஓடினால் பெட்ரோல் ஊறும்படி செய்திருப்பான் என்று நினைத்துப் பூரித்துப் போனேன்.

திரும்பி வரும்போது பூரிப்பு போய்விட்டது. பெட்ரோல் முள்ளோடு போட்டி போட்டுக்கொண்டு சூட்டு முள்ளும் சிவப்புக்குப் போய் நின்றது. உடனே ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து ரேடியேட்டரைத் தொட்டால் காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி போல வெதுவெதுவென்று இருக்கிறது. ஆவி இல்லை, வாசனை இல்லை. என் கை இல்லை என்கிறது, முள் ஆமாம் என்கிறது. படித்தவன் யாரை நம்புவான்? அரை மணி நேரம் நின்றேன். பொண்ணு பின்சீட்டிலிருந்து, "அப்பா, உள்ள இருக்கிறதுக்கே கால் வலிக்குதாம், உதைக்குது" என்றாள். கிளம்பி இடது பக்கம் திரும்ப சிக்னல் போட்டேன். சிக்னல் விட்டு விட்டு எரிய, ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் அதோடு சேர்ந்து கண்ணடித்தன. சிக்னலை அணைத்துவிட்டு ஜன்னல் வழியே கையை நீட்டித் திரும்பினேன். பின்னால் பைக்கில் வந்தவன், "என்ன பெருசு, ஊருக்கெல்லாம் டாட்டாவா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அடுத்த திருப்பத்தில் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. பெட்ரோல் முள் முழுசு காட்டுகிறது. மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தால் குச்சி காய்ந்து வருகிறது!

கேனில் பெட்ரோல் வாங்கி ஊற்றிக் கிளம்புவதற்குள், நிறைமாதப் பொண்ணை நடுரோட்டில் நிறுத்திய விஷயம் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் மாமியார் வாசலிலேயே, "இந்தக் கிழட்டு வண்டியில எம்பொண்ணு இனிமே ஏற மாட்டா" என்றாள். "எதைச் சொல்ற, வண்டியையா, என்னையா?" என்றேன். "ரெண்டுக்கும் ஒரே வயசுதானே" என்றாள். வலி வந்தால் வாடகைக் கார் என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஸ்பேனர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் சாவியைப் போட்டார், சிக்னலைப் போட்டார், பலகையை ஒரு தட்டு தட்டினார். "ரெண்டு முள்ளும் ஜோடி போட்டு ஏறுதுன்னா டேங்கையும் இஞ்சினையும் திட்டக்கூடாது பெரியவரே. ரெண்டுக்கும் கரண்ட் வர்ற இடத்தைப் பாக்கணும். இதை யாரு கழட்டினது?" என்றார். நான் மழை வருமா என்று பார்ப்பவன் போல ஆகாயத்தைப் பார்த்தேன். அவர் அந்தக் கறுப்பு ஒயரை இழுத்து, "இதுதான் எர்த்து. வந்த கரண்ட் எல்லாம் இது வழியாத்தான் வண்டி பாடிக்குத் திரும்பணும். வாசலை அடைச்சா கூட்டம் கண்ட சந்துல புகுந்து ஓடும், கண்ட விளக்கும் எரியும்" என்று துருவைச் சுரண்டி இறுக்கினார். பெட்ரோல் முள் நல்ல பிள்ளையாகக் கீழே இறங்கியது, சூட்டு முள்ளும் கூடவே இறங்கியது, கண்ணடிப்பு நின்றது. போகும்போது, "எழுத்து நல்லா இருக்கு, யாரு எழுதினது?" என்றார். அதற்கு மட்டும் உடனே பதில் சொன்னேன்.

ஆனால் மாப்பிள்ளை, எரிந்தால் ஒரு பயம் என்றால் எரியாவிட்டால் இரண்டு பயம். இப்போது விளக்கு எரியவில்லையே, கோளாறு இல்லாததாலா, பல்பு போனதாலா? ஸ்பேனரிடம் கேட்டேன். சாவியைத் திருப்பினால் சார்ஜும் ஆயிலும் எரிய வேண்டும், இஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும், அதுதான் பரீட்சை என்றார். ஆகவே காலை, மதியம், மாலை என்று நாளுக்கு இருபது தடவை சாவியைத் திருப்பி, இரண்டும் எரிகிறதா என்று ஆற அமரப் பார்க்கிறேன். இஞ்சினை ஓட்டினால் புகை வருகிறது என்று உங்கள் மாமியார் சத்தம் போடுவதால் விளக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். இருபது தடவையும் எரிந்தது. வண்டி தயார், நான் தயார், பயப்பட ஒன்றுமில்லை. ஆகவே நீங்கள் உங்கள் மாமியாருக்கு, நம் வண்டியிலேயே போகலாம் என்று ஒரு வரி எழுத வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. மருமகன் சொல் அம்பலம் ஏறும்.

கடல் உங்களுக்குத் தொட்டில் போல ஆடட்டும். நூறு வயது இருங்கள். வண்டியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தானே எழுதிய மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் வலி வந்துவிட்டது. ஒன்பது நாள் முன்னாலேயே. வாடகைக் கார் இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். உங்கள் மாமியாரே, "அந்தக் கிழட்டை எடுங்க" என்றாள். சாவியைத் திருப்பினேன். விளக்கு மின்மினி போல ஒரு தடவை மின்னி அணைந்தது. பரீட்சை வைத்து வைத்தே பேட்டரியைக் கொன்றிருக்கிறேன். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழும் நிலையில் இருந்தேன். பொண்ணு கதவைத் திறந்து, "இறங்குங்க. அம்மா ஒருத்தியால தள்ள முடியாது. நீங்க ரெண்டு பேரும் தள்ளுங்க, நான் கிளட்ச்சை விடுறேன்" என்றாள். லாரிக்காரன் பெற்ற பொண்ணு. தெருச் சரிவில் இரண்டாம் கியரில் ஒரு உதறு உதறி இஞ்சின் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் அணைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் நிறுத்தவில்லை. கையை நீட்டிச் சிக்னல் காட்டித் திருப்பத்தில் மறைந்துவிட்டாள். நாங்கள் இருவரும் அந்த வாடகைக் காரில்தான் போய்ச் சேர்ந்தோம். நர்சம்மா, "தானே ஓட்டிட்டு வந்தாங்களே, அவங்க அப்பாவா நீங்க?" என்று கேட்டபோது உள்ளே உங்கள் மகள் அழும் சத்தம் கேட்டது. தாயும் சேயும் நலம். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சை மறித்துக்கொண்டு நிற்கிறது, தள்ள ஆள் தேடுகிறார்கள். மேலே "பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியதை நீங்களே அடித்துவிடுங்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியில்தான் எழுத்து கோணாமல் வந்திருக்கிறது.