நைட் ஷிப்ட்டில் பிறந்த பெண்

அன்றைக்கு ரூமில் இருந்தவர்கள்: மாப்பிள்ளை முனிராஜ், எங்கள் கம்பெனி வெல்டர். அவன் அப்பா. பெண்ணின் அண்ணன். தரகர். டீ போட்ட நான். மூலையில் கிழமை அண்ணன்.

கிழமை அண்ணனைப் போல ஒரு ஆளை ஓசூர் பார்த்ததில்லை. இனியும் பார்க்காது. ஸ்டோரில் வேலை. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கும். எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமை சொல்வார். போன வருஷமோ ராஜா காலமோ, அவருக்கு ஒன்றுதான்.

ஆளையும் பிறந்த கிழமையால்தான் கூப்பிடுவார். நான் வியாழன். செக்யூரிட்டி சனி. செக்யூரிட்டி ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை.

சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கினால் எல்லாரும் எத்தனை என்று கேட்பார்கள். இவர் என்றைக்கு என்று கேட்பார்.

சுவரில் நாலு காலண்டர். இங்கிலீஷ், தமிழ், தெலுங்கு, பிரியாணிக் கடை பாய் கொடுத்த உருது.

"தேதி ஆளுக்கொண்ணு வச்சிருக்காங்க வியாழா. கெழம மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான். நாள் எப்பப் பொறக்குதுங்கறதுலதான் தகராறு. இங்கிலீஷ்காரனுக்கு நடுராத்திரி. பாய்க்குப் பொழுது சாஞ்சா. நமக்கு விடிஞ்சா."

ஒருமுறை குருபரப்பள்ளி தாண்டி ஒரு நடுகல். சக வருஷம், மாசம், திதி, கிழமை எல்லாம் வெட்டியிருந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கல்லில் திங்கள். இவருக்கு ஞாயிறு வந்தது.

"கல்லுல இருக்கறதுதாண்ணே சரியா இருக்கும்."

"இல்ல. வெட்ட வேண்டியவன் லீவு போட்டுட்டு மறுநாள் வந்திருக்கான்."

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். முனிராஜும் பேக்கிங் செக்‌ஷன் மஞ்சுளாவும் விரும்பியவர்கள். பையன் வீடு பாகலூர். பெண் வீடு பர்கூர். நடுவில் எங்கள் ரூம். தரகர் வைத்துப் பேசி இரண்டு வீடும் இறங்கிவந்து, தட்டு மாற்றுவதுதான் பாக்கி. பெண்ணின் அண்ணன், தங்கை பிறந்த தேதியைப் படித்தார்.

"செவ்வாய்" என்றது மூலை.

முனிராஜின் அப்பா எழுந்துவிட்டார். "எங்க வூட்ல செவ்வாக்கெழம பொறந்த பொண்ண எடுக்கறதில்ல. எங்க தாத்தா காலத்துல இருந்தே இல்ல."

முனிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாண்ணே?"

கிழமை அண்ணன் முகம் செத்துப்போனது. சுவரில் தமிழ்க் காலண்டரைப் பார்த்தார். அப்புறம் கேட்டார். "பொறந்த நேரம்?"

"வெடிகாலம் நாலு மணி" என்றார் பெண்ணின் அண்ணன்.

முனிராஜின் அப்பா ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். கிழமை அண்ணன் அவர் பக்கம் திரும்பினார்.

"மாமா, நைட் ஷிப்ட்ல வெடிகாலம் நாலு மணிக்கு ஒருத்தன் வேல பாக்கறான். எந்த நாள் அட்டெண்டன்ஸ்?"

"முந்தின நாளோடதுதான். விடிஞ்சு அடுத்த ஷிப்ட் வந்தாதான மறுநாள்?"

"பஞ்சாங்கமும் அதத்தான் சொல்லுது. பொண்ணு திங்கள்."

அப்பா யோசித்தார். உட்கார்ந்தார். டீயைக் கையில் எடுத்தார். முனிராஜுக்கு மூச்சு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அப்பாவுக்குப் பெருமை வந்துவிட்டது.

"எம் பையன் சுத்தமான புதன். ராத்திரி ரெண்டு மணிக்குப் பொறந்தான்."

கிழமை அண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்ட கிழமை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பெண்ணின் அண்ணன் விடவில்லை.

"அப்ப மாப்ளதான் செவ்வாங்களா? நாங்க கொஞ்சம் யோசிக்கணுங்க."

அப்பா மகனை மேலும் கீழும் பார்த்தார். கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டார். "அய்யோ தேவரே! இத்தன வருஷம் வூட்ல வச்சு சோறு போட்டுட்டனே!"

முதலில் சிரித்தது தரகர். கடைசியில் அப்பாவும் சிரித்துவிட்டார்.

"தட்ட மாத்துங்கய்யா சீக்கிரம். இவன் என் தேதியக் கேக்கறதுக்குள்ள."

பர்கூரில் கல்யாணம். கூடப் பிறந்தவர்கள் மட்டும் வாங்க என்று போட்டோக்காரர் கூப்பிட்டார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த கிழமை அண்ணனை மஞ்சுளாதான் ஆள் அனுப்பி இழுத்துவரச் சொன்னாள். சாம்பார் வாளியோடு நிற்கிறார். எங்கள் ரூமில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது.

மஞ்சுளாவுக்கு அண்ணன்கள் இரண்டு பேர். படத்தில் மூன்று.