நனைந்த எம்.எல்.ஏ.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் நான் சட்டமன்ற உறுப்பினராக இருந்தேன். அதில் முதல் இரண்டு வருடம், என்னைவிட எனக்குப் பிடித்த மனிதர் உலகத்தில் யாரும் கிடையாது. சபையில் நான் பேசிய வீடியோவை வீட்டில் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். என் மனைவி சரியாக அந்த நேரம் பார்த்து மிக்ஸியைப் போடுவாள்.

அப்படி ஒரு கூட்டத்தொடர் முடிந்து ஊர் திரும்பியதும், சபையில் நான் கிழித்ததையெல்லாம் தொகுதி மக்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று ஆசை வந்தது. பதினாறு பக்கத்தில் ஒரு புத்தகம் அச்சடித்தேன். கேட்ட கேள்விகள், பெற்ற பதில்கள், பதினோரு இடத்தில் என் படம். (பன்னிரண்டாவதில் அமைச்சரோடு நின்றேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் எடுத்துவிடச் சொன்னேன்.)

முதல் கூட்டம் மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில், சனிக்கிழமை சாயங்காலம். நான் சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மிளகாய் தெரியும், பருத்தி தெரியும், கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. என் உதவியாளர் செல்வராசு அந்தக் கடற்கரைக்காரர். தேதியைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, சனிக்கிழமை போட்டெல்லாம் கடலுக்குப் போற நாளு. காலையில போனா மறுநாதான் கரைக்கு வருவாக. ஆம்பளைக ஒருத்தரும் இருக்க மாட்டாகண்ணே."

"எம்.எல்.ஏ. வாரேன்னா ஒரு நாள் போகாம இருக்க மாட்டாங்களா?" என்றேன்.

விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று அங்கே வாரத்தையே பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். தன் நாளை விட்டவனுக்கு அடுப்பு எரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கத்தைப் பதவியேற்ற அன்றே விட்டிருந்தேன்.

போய் இறங்கினால் பந்தல் நிறையப் பெண்கள். என் புத்தகமோ முழுக்க ஆண்களுக்கானது: டீசல் மானியம், படகுத்துறை, என்ஜின், மறுபடி டீசல். அச்சடித்ததை வீணாக்க மனமில்லாமல் நாற்பது நிமிடம் வாசித்தேன். டீசலுக்காக நான் முழங்கிய கட்டத்தில் முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். (கொட்டாவி.)

முடித்ததும் ஐம்பது வயதிருக்கும் ஒருவர் எழுந்தார். பெயர் சீனியம்மா என்று பிறகு தெரிந்தது. விரல் நுனியெல்லாம் வெட்டுக் காயம்.

"அய்யா, எங்களுது எத்தனாவது பக்கம்?"

"உங்களுதுன்னா என்னம்மா?"

"நாங்க பாசி எடுக்குறவுக. கடல்ல முங்கி, பாறையில ஒட்டிக் கெடக்குற பாசியப் புடுங்கி வித்துப் பொழைக்கிறோம். கரையேறுனா துணி மாத்த ஒரு மறைவு இல்ல. ஈரச் சேலையோட மினி பஸ்ல ஏத்த மாட்டேங்குறாக. மூணு கிலோமீட்டரு அப்புடியே நடக்குறோம். எம் மக சமஞ்ச பிள்ள, அவளும் இப்புடித்தான் நடக்குறா. ஒரு ரூம் கட்டித் தாங்கன்னு மனு மேல மனுவாக் குடுத்தாச்சு. அதான் கேக்குறேன், எத்தனாவது பக்கம்?"

புரட்டினேன். பதினாறு பக்கமும் புரட்டினேன். கடைசியில் அட்டையையும் பார்த்தேன். அட்டையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. நான் மைக்கைப் பிடித்து, "நாளைக்குக் காலையில நானே ஒங்களோட கடல்ல இறங்குறேன். ஒங்களோடயே பஸ்ஸுலயும் வாரேன்," என்று அறிவித்துவிட்டேன். கைதட்டல் பிரமாதம். எனக்குக் கிணற்றில் நீந்தத் தெரியும். அந்தத் தைரியம்தான்.

மறுநாள் காலை, எளிமையைக் காட்டுவதற்காகக் காரையும் செல்வராசுவையும் திருப்பி அனுப்பினேன். கைலி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வெள்ளை வேட்டிதான் போட்டோவுக்கு எடுப்பு என்று இறங்கினேன். விரல்களில் துணி சுற்றிவிட்டார்கள். முதல் முங்கில் வேட்டி தலைக்குமேல் வந்தது. இரண்டாவதில் முழங்கால் பாறையில் கிழிந்தது. மூன்றாவதில் கட்சிக்கரைத் துண்டை அலை கொண்டுபோனது. (கட்சியில் விளக்கம் கேட்டார்கள்.) ஒரு மணி நேரத்தில் நான் அள்ளியது இரண்டு கை. சீனியம்மா அதைக் கிளறிப் பார்த்து, "அய்யா, இதுல பாசி இந்தா இம்புட்டுத்தான். மத்ததெல்லாம் குப்ப," என்று சொல்லிக் கடலிலேயே போட்டார்.

சொட்டச் சொட்ட ரோட்டுக்கு வந்து நின்றோம். மினி பஸ் வந்தது. கண்டக்டர் படியில் குறுக்கே கையை வைத்தார்.

"ஈரத்தோட ஏறாதீக. சீட்டு பூரா நனைஞ்சுரும், ஏறுற சனம் என்னையத்தான் வையும்."

"தம்பி, நான் இந்தத் தொகுதி எம்.எல்.ஏ."

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "எம்.எல்.ஏன்னா கார்ல போகாம இங்கன என்ன செய்றீக?" என்று கேட்டு விசில் அடித்துவிட்டார். ஜன்னல் தவறாமல் செல்போன் நீண்டது.

நனைந்த வெள்ளை வேட்டி எதையும் மறைக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூசிப் போய்க் குறுகி நின்றேன். அந்தப் பெண்கள் வந்து, முதுகை என் பக்கம் வைத்து, என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"நாங்களும் இப்புடித்தான் ஒருத்திய ஒருத்தி மறைச்சுக்கிருவோம். நடங்க, போவோம்," என்றார் சீனியம்மா.

மூன்று கிலோமீட்டர். நடுவில் நான், சுற்றி அவர்கள். பத்து நிமிடக் கூச்சமே எனக்குத் தாங்கவில்லை. இவர்கள் தினமும் இப்படி நடக்கும்போது நான் பதினாறு பக்கம் என்னைப் பற்றியே எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வேட்டிக்காக இல்லை.

நான் வீடு சேருமுன்பே படம் மாவட்டத்தைச் சுற்றி வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தொடரில் நான் எழுந்ததுமே, "காஞ்சிருச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்து சபையே சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு, காகிதம் இல்லாமல், ரோட்டில் நின்றதையும் அவர்கள் என்னை மறைத்ததையும் மூன்றே நிமிடம் சொன்னேன். சத்தம் அடங்கியது. அறை கட்டித் தருவதாக அமைச்சர் எழுந்து சொன்னார். இந்த முறை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

சொன்னபடியே கட்டினார்கள். குழாயும் உள்பக்கம் தாழ்ப்பாளும் வைத்த அறை. திறந்த அன்று ஊரே வெடி போட்டது. சீனியம்மா பாசி எடுத்துவிட்டு ஈரத்தோடு உள்ளே போனார், உலர்ந்த சேலையில் மகளோடு வெளியே வந்தார், மினி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தார். அதே கண்டக்டர். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். தேர்தலில் ஜெயித்த அன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

கல்வெட்டில் என் பெயரும் பதவியும் நாலு வரிக்கு இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் 'எம்.எல்.ஏ. நனைஞ்ச ரூம்'.

அடுத்த தேர்தலில் கட்சி எனக்குச் சீட் கொடுக்கவில்லை. பிறகு என் மகளைப் பெண் பார்க்க உச்சிப்புளியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "நனைஞ்ச எம்.எல்.ஏ. நீங்கதானா?" என்றார். என் மனைவி முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாவோ, "எங்க அக்கா அந்த ரூமுலதான் துணி மாத்துது. வேற என்ன விசாரிக்கணும்? பிள்ளையக் கூப்புடுங்க," என்றார்.

இன்றைக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போனால், வெயில் கொளுத்தினாலும் சரி, வாசலில் முதலில் எனக்குத் துண்டுதான் நீட்டுகிறார்கள். காபியெல்லாம் அப்புறம்தான்.