வாயில்லா ரோபோ

அந்த வரி தாளில் இல்லை.

"வந்துட்டியா? உனக்காகத்தான் இவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்" என்று ஒரு பெண் குரல் ஹெட்போனுக்குள் சொன்னது. திரையில் கதவு ரோபோ அப்போதுதான் முதல்முறையாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். டப்பிங் அறையில் ஒரு மைக், ஒரு ஸ்டூல், கத்தையாக வசனத் தாள், சுவர் முழுக்கப் பஞ்சு. பெண் என்று யாரும் இல்லை. ஒரு பெண் தன்னிடம் கடைசியாக இப்படிச் சொன்னது எப்போது என்று யோசித்தார். யாரும் சொன்னதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவர் லிஃப்ட் ஓட்டுகிறவர் அல்ல, லிஃப்டில் பேசுகிறவர். "கதவு மூடுகிறது", "இது மூன்றாம் தளம்" எல்லாம் அவர்தான். ஊரில் பாதிப் பேர் தினமும் அவர் பேச்சைக் கேட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஒருவருக்கும் அவரைத் தெரியாது. அவர் குடியிருந்த கட்டடத்து லிஃப்டும் அதே கம்பெனிதான். மாலையில் களைத்துப்போய் உள்ளே நுழைந்தால், "வணக்கம். நல்வரவு" என்று அவரே அவரை வரவேற்பார். நாற்பத்தொரு வயதில் அவரை வரவேற்க வேறு ஆள் கிடையாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் உட்கார்ந்திருந்தான். ஹெட்போனைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை என்பதால் அவன் பெயர் காது. மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் வரி கட்ட வேண்டும் என்பதுபோல் பேசுவான்.

"தம்பி, மேடம் ஏதோ சொன்னாங்களே?"

"வசன கேப்புல பேசினது, சார். வெட்டிடுவேன்."

"அவங்க எப்ப வருவாங்க?"

"உங்க நேரத்துல வரமாட்டாங்க."

காலையில் வருவாள் போலிருக்கிறது என்று லிஃப்ட்காரர் முடிவு செய்துகொண்டார். இந்தத் தொழிலில் அது சகஜம். அவரவர் நேரத்துக்கு வந்து, அவரவர் பாத்திரத்தைப் பேசிவிட்டுப் போவார்கள். திரையில் பத்து வருஷம் கணவன் மனைவியாகச் சண்டை போட்டவர்கள் பஸ் ஸ்டாப்பில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் அடையாளம் தெரியாது.

தொடர் ஒரு விண்வெளி அனிமே, ஜப்பான் கார்ட்டூன். கிரகம் கிரகமாகப் போய் அழுக்குத் துணி வாங்கி, வெளுத்துக் கொடுக்கும் சலவைக் கப்பல். கப்பல் கிளம்பினாலே வாந்தி எடுக்கும் கேப்டன். அடுப்பைக் கண்டால் பயப்படும் சமையல்காரன். கல்யாணத்தன்று ஓடிவந்துவிட்ட என்ஜினியர் பெண்; ஹெட்போனில் கேட்ட குரல் இவளுக்குத்தான். விடாமல் துரத்தி வரும் மாப்பிள்ளை இளவரசன். மூன்று ஆண்களும் அவளையே காதலிப்பார்கள், நடுவில் நேரம் கிடைத்தால் பிரபஞ்சத்தைக் காப்பாற்றுவார்கள். கதவைத் திறந்து மூடுவதற்கென்று ஒரு ரோபோ.

அந்த ரோபோவுக்கு முதலில் நிஜமான இயந்திரக் குரலையே போட்டிருந்தார்களாம். சேனல் மேனேஜரம்மா கேட்டுவிட்டு, "உணர்ச்சியே இல்லையே" என்று தூக்கிப் போட்டுவிட்டார். அதன் பிறகுதான் லிஃப்ட்காரரைப் பிடித்து வந்தார்கள்.

ரோபோவுக்கு வாய் இல்லை. நெற்றியில் ஒரு பச்சை விளக்கு மட்டும். அடுத்தவர்கள் வாயசைவுக்கு வார்த்தையைப் பொருத்தியே பாதி ஆயுள் போகிற தொழிலில், வாயில்லாத பாத்திரம் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். எந்த இடத்தில் எதைப் பேசினாலும் ஒட்டிக்கொள்ளும். அதுதான் வினையாகப் போயிற்று.

முதல் எபிசோடு முடிவதற்குள் அந்தக் குரல் இன்னும் இரண்டு தரம் கேப்பில் பேசியது. "இந்த கேப்டன் தொல்லை தாங்கல, நீயே சொல்லு" என்றது. பார்க்காமலே ஒருமையில் பேசுகிறாளே என்று லிஃப்ட்காரருக்குக் கொஞ்சம் உறுத்தியது. நிறைய பிடித்திருந்தது.

மூன்றாவது எபிசோடில் அவள் தும்மினாள். "ஐயோ, இந்த ஏசி என்னைக் கொன்னுடும்."

லிஃப்ட்காரர் காதைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்து பட்டன்களோடு இருந்தான். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தன் கேப்பில் விட்டுப்போனதுபோல் இவரும் தன் கேப்பில் விட்டுவைத்தால் நாளைக் காலை கேட்பாள் அல்லவா?

"ஜலதோஷமா? வெந்நீர் குடிங்க" என்றார். அக்கறையில் குரல் கொஞ்சம் நடுங்கியது.

நான்காவது எபிசோடு ஆரம்பித்த உடனே அவள் சொன்னாள். "அப்பாடா. இன்னிக்குத் தேவலை."

அன்று மாலை லிஃப்ட், "வணக்கம். நல்வரவு" என்றபோது, "வணக்கம்ப்பா" என்று பதில் சொன்னார். கூட நின்ற நாலாவது மாடிக்காரர் இரண்டாவது மாடியிலேயே இறங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மூன்றாவது எபிசோடு ஒளிபரப்பானது. எதிரிக் கப்பல்கள் நாலாபக்கமும் சுட, சலவைக் கப்பல் தீப்பிடித்து எரிய, என்ஜினியர் பெண் கண்ணீரோடு கடைசி பட்டனை அழுத்தப் போகும் நேரத்தில், ரோபோ பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, "ஜலதோஷமா? வெந்நீர் குடிங்க" என்றது.

மேனேஜரம்மா போனில் வந்தார்.

"சார், அது என்ன வசனம்?"

லிஃப்ட்காரர் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். வேலை போனால் போகட்டும், குரலும் போய்விடுமே. "அது வந்து... அந்த ரோபோ முன்னாடி ஆஸ்பத்திரியில கதவு திறந்துக்கிட்டிருந்தது மேடம். அந்தப் பழக்கம்."

"கதையில அப்படி ஒண்ணும் வரலியே?"

"ஆழ்ந்து பார்த்தா தெரியும்."

"பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு சார். இனிமே ஒவ்வொரு எபிசோடுலயும் ஒரு ஆரோக்கியக் குறிப்பு வேணும். காது கிட்டயும் சொல்லிட்டேன். ரோபோ பேசுறது எதையும் வெட்டக் கூடாது."

ஆக, கேப்பில் பேசுவது ரகசியம் என்ற நிலைமை போயிற்று. லிஃப்ட்காரர் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தார். அவளிடம் பேச வேண்டியதை ஆரோக்கியக் குறிப்புக்கு நடுவில் ஒளித்துவைப்பது.

"நகம் கடிக்காதீங்க. உங்க வீடு எந்தப் பக்கம்? பல் தேய்ச்சுட்டுப் படுங்க."

அடுத்த எபிசோடில் அவள் பெருமூச்சு விட்டாள். "ஐயோ, இன்னும் ரொம்ப தூரம்."

பாவம், ரொம்ப தூரத்திலிருந்து வருகிறாள் என்று லிஃப்ட்காரருக்கு மனசு கஷ்டப்பட்டது.

"தினமும் அவ்வளவு தூரம் வர்றீங்களா? நிமிர்ந்து உக்காருங்க, முதுகு வலிக்கும். உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

இதெல்லாம் ஒளிபரப்பானது. கருந்துளைக்குள் விழப்போகும் கப்பலில் ஒரு ரோபோ, என்ஜினியர் பெண்ணிடம் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தது. பிள்ளைகள் சேனலுக்கு எழுதித் தள்ளினார்கள். கேப்டன் வேண்டாம், சமையல்காரன் வேண்டாம், இளவரசன் வேண்டவே வேண்டாம், ரோபோதான் மாப்பிள்ளை.

"காதலைக் கொஞ்சம் கூட்டுங்க சார்" என்றார் மேனேஜரம்மா. "வாய்தான் இல்லையே, தாராளமாப் பேசுங்க."

"படத்துல அவ கேப்டனைத்தானே மேடம் கட்டிக்கிறா?"

"படத்தை விடுங்க. சத்தம் நம்ம கையில."

காதலைக் கூட்டச் சொல்லும் மேலதிகாரி எத்தனை பேருக்கு வாய்க்கும்? லிஃப்ட்காரர் கூட்டினார். பத்தொன்பதாவது எபிசோடில், "நீங்க பேசாத நாள் எனக்கு ஞாயித்துக்கிழமை மாதிரி இருக்கு" என்றார். அதில் நடிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அறையில் அவர் பாத்திரம் கழுவும் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு போன் மட்டும் வரும். வெளியூரில் இருந்த அக்காவிடமிருந்து.

"ஏன்டா, எங்க வீட்டுப் பசங்க பாக்கற அந்த ரோபோ நீதானே?"

"ஆமாக்கா."

"அந்தப் பொண்ணு யாரு?"

"அது கார்ட்டூன்க்கா."

"டேய், நீ பொறந்ததிலேர்ந்து உன் குரலைக் கேக்கறேன். எது நடிப்பு, எது நெஜம்னு எனக்குத் தெரியாதா? யாருன்னு சொல்லு."

"பேசிட்டிருக்கோம்க்கா."

"என்ன பண்றா?"

அக்காவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். வாயில் வந்ததைச் சொன்னார். "என்ஜினியர்."

"எங்க?"

"கப்பல்ல. கப்பல் கம்பெனியில."

"அவ வீட்டுல?"

"வேற எடத்துல நிச்சயம் பண்ணாங்களாம். கல்யாணத்தன்னிக்கு ஓடி வந்துட்டா." சொன்ன பிறகுதான் தான் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

அக்கா, "தைரியசாலிடா. உனக்கு இப்படி ஒருத்திதான் வேணும். வெள்ளிக்கிழமை கிளம்பி வரேன், என்கிட்ட காட்டு" என்றாள்.

"அக்கா, நானே இன்னும்..."

போன் வைக்கப்பட்டிருந்தது.

கடைசி எபிசோடு வியாழக்கிழமை. அதில் கப்பல் வெடிக்கப் போகிறது. மற்றவர்கள் தப்பிக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் உள்ளே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கதவு யாருடைய வேலை? ரோபோ நின்றது. எல்லோரும் போனார்கள். என்ஜினியர் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை வைத்துக்கொண்டு அழுதாள். தாளில் அவள் வசனம் அத்தோடு முடிந்தது.

கேப்பில் அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது. "நீயும் போறியா? நாளையிலேர்ந்து நான் யார்கிட்டப் பேசுவேன்?"

இதே கேள்வியை லிஃப்ட்காரர் வாரக் கணக்காகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். தாளில் ரோபோவுக்கு, "கதவு மூடுகிறது" என்று ஒரு வரிதான். வாழ்நாளெல்லாம் சொன்ன வரி. அதை அவர் சொல்லவில்லை. கடைசி எபிசோடை ஒருமுறை கேட்டுப் பார்க்க நாளைக் காலை எப்படியும் வருவாள் என்று நம்பினார்.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டூடியோ வாசல்ல நிக்கிறேன். நீல சட்டை. நீங்க எங்கயும் போக வேண்டாம், என்கிட்டயே பேசுங்க. எவ்வளவு வேணாலும் பேசுங்க."

"ஓகே. முடிஞ்சுது, சார்" என்றான் காது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே இருவரும் வாசலில் நின்றார்கள். லிஃப்ட்காரர் நீல சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டிருந்தார். அக்கா நல்ல புடவை கட்டி, பெரிய குடையோடு வந்திருந்தாள்.

"உயரமா?"

"தெரியாதுக்கா."

"கண்ணாடி போட்டிருப்பாளா?"

"தெரியாது."

"என்னதான்டா தெரியும்?"

"சிரிக்கிறதுக்கு முன்னாடி மூச்சை ஒரு தரம் இழுப்பா. பொய்யா அழும்போது நல்லா அழுவா. நெஜமா அழும்போது சத்தம் வராது."

அக்கா தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. வாசலைக் கடந்த ஒவ்வொரு பெண்ணையும் பார்த்து லிஃப்ட்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒருத்தி நின்றாள். பேசுவாள் என்று பார்த்தால், மணி கேட்டாள். அவர் சொன்ன பதிலைக் கேட்டு, "உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேனே" என்று யோசித்தபடி போய்விட்டாள். ஐந்து மணிக்குத் தூறல் விழுந்தது. அக்கா குடையை விரித்துத் தம்பி பக்கமே சாய்த்துப் பிடித்தாள்.

காது கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தான். "இன்னும் போகலியா, சார்?"

"என்ஜினியர் பொண்ணுக்காக நிக்கிறோம் தம்பி" என்றாள் அக்கா. "அதான், இவன்கூடப் பேசுமே, அந்தக் குரல்."

காது முதல்முறையாக ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டான்.

"அவங்களா? அவங்க எப்படிம்மா வருவாங்க? வேற நாட்டுல வேலை கிடைச்சு, இருபத்தாறு எபிசோடையும் பத்தே நாள்ல தனியா உக்காந்து பேசி முடிச்சிட்டுக் கிளம்பிட்டாங்களே. சார் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே."

மழை குடைமேல் சத்தமாகப் பெய்தது. தேவலை என்றாளே. ரொம்ப தூரம் என்றாளே. லிஃப்ட்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், ஒவ்வொன்றும் கையைவிட்டுப் போயிற்று. ரொம்ப தூரம் என்றது மிச்சமிருந்த பக்கங்களை. அக்காவின் கை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"நான் பேசினதை நீ கேட்டியே தம்பி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மேடம் கூட்டச் சொன்ன வசனம்னு நெனச்சேன், சார்."

லிஃப்ட்காரர் நனைந்திருந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது.

"அப்ப அவங்க யார்கிட்டதான் பேசினாங்க?"

"ரோபோகிட்டதான், சார்" என்றான் காது. "அப்ப அதுக்கு மெஷின் குரல்கூடப் போடலை இல்லையா? 'நான் சொல்றதைக் குறுக்கப் பேசாம கேக்குற ஒரே ஜீவன் இதுதான்'னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."