மூக்குக்குக் குறித்த தேதி

இருபத்தாறு வயதுவரை, எனக்கு மூக்கு இருப்பதே சளி பிடித்தால்தான் ஞாபகம் வரும். அந்த நிம்மதியைக் கெடுத்தவர் கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோக்காரர்.

அப்போதுதான் கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போனேன். நான் கேட்காமலேயே அவர் கம்ப்யூட்டரில் என் மூக்கை இரண்டு பக்கமும் தட்டிச் சிறிதாக்கிக் கொடுத்துவிட்டார். (“ஃப்ரீதான் மேடம்” என்று வேறு சொன்னார்.) தலைமை ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, “உங்க தங்கச்சி போட்டோவ மாத்தி எடுத்தாந்துட்டீங்களா டீச்சர்?” என்றார்.

எனக்குத் தங்கச்சி கிடையாது. ஆனால் அன்று முதல் அவள் மேல் எனக்குப் பொறாமை.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் போனில் விசாரித்தேன். மூக்கின் அகலத்தைக் குறைக்கலாம் என்றார்கள். கோடை விடுமுறையில் ஆபரேஷனுக்குத் தேதி குறித்து, அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனைகளோடு ஒருமுறை நேரில் வரச் சொன்னார்கள். வீட்டில் ‘ட்ரெயினிங்’ என்று சொல்லிவைத்தேன்.

அத்தோடு என் நிம்மதி போயிற்று. மலைப் பேருந்து ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும், மயக்க மருந்து கொடுத்தபின் எழாமலே போய்விட்டால் என்று நினைப்பேன். எழுந்து, மூச்சு போதாமல் போய்விட்டால்? வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒரு பக்க மூக்கை அழுத்திக்கொண்டு மூச்சுவிட்டுப் பார்த்தேன். திரும்பினால் பிள்ளைகள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

கள்ளக்குறிச்சி லேபில் ரத்தம் எடுத்தது, சொந்த ஊரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் எஸ்தர் அக்கா. சீட்டை இரண்டு முறை படித்தார்.

“இவ்ளோ டெஸ்டு இன்னாத்துக்கு? ஆபரேஷனா?”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா,” என்றேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

அந்த வாரக் கடைசியில் மூங்கில்துறைப்பட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனபோது, வாசலில் இருபது ஜோடி செருப்பு. உள்ளே ஜெபக்கூட்டம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் அப்பா, ஷிப்டு முடிந்து வந்த காக்கிச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“கிட்னியா பாப்பா?” என்றார்.

“இல்லப்பா. மூக்கு.”

“மூக்குல இன்னா?”

“அகலமா இருக்குதுப்பா.”

ஜெபம் நின்றது. எல்லோரும் முதலில் என் மூக்கைப் பார்த்தார்கள். பிறகு மெல்ல அப்பாவின் மூக்கைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே அச்சு. அவருக்கு மட்டும் மீசை கொஞ்சம் முட்டுக்கொடுத்திருந்தது. அப்பா தும்மல் வருகிறவர்போலக் கையால் மூக்கை மூடிக்கொண்டார். தும்மல் வரவில்லை.

அந்தக் கை இறங்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை.

அடுத்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனபோது, சாப்பாட்டின் நடுவில் அப்பா, “எப்ப போவணும்? தனியா போவாத. நானும் வரேன்,” என்றார்.

சென்னையில் டாக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “ஆபரேஷன் உங்களுக்குத்தானே சார்?” என்றார்.

“இல்லீங்க, பாப்பாவுக்கு. என்னாண்டருந்துதான் வந்துச்சி,” என்றார் அப்பா, கடையில் பழுதான சாமானைத் திருப்பிக் கொடுக்கிறவர்போல.

டாக்டர் திரையில் ஒரு மூக்கைப் பெரிதாகக் காட்டி, எங்கே வெட்டுவார், எப்படி உள்ளே தள்ளித் தைப்பார் என்று விளக்கினார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று திரும்பினால், கைப்பிடியில்லாத அந்த நாற்காலி காலியாக இருந்தது. அப்பா மயங்கிச் சரிந்து, மேசை விளிம்பில் மூக்கு மோதி, தரையில் கிடந்தார். சட்டையெல்லாம் ரத்தம்.

உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுவாரா, மூச்சு விட முடியுமா, முகம் மாறிவிடுமா என்று, எனக்காகப் பல வாரங்களாகச் சேர்த்துவைத்திருந்த பயத்தையெல்லாம் ஒரு மணி நேரத்தில் அவருக்காகப் பட்டு முடித்தேன்.

எலும்பில் சின்ன விரிசல்தானாம். வெளியே வந்த டாக்டர், “உங்க தேதி அப்படியே இருக்கட்டுமா?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எட்டு வருடமாகிறது, இன்னும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பினோம். அப்பாவின் மூக்கின்மேல் குறுக்கே பெரிய வெள்ளைக் கட்டு, கண்ணுக்குக் கீழே வீக்கம். நான் போனபடியே இருந்தேன். அம்மா வாசலில் நின்று வெகுநேரம் எங்களைப் பார்த்தாள்.

“ஆள மாத்திச் செஞ்சிட்டாங்களா?” என்றாள்.

மேசைக் கதையைத் தெருவில் யாரும் நம்பவில்லை. கட்டுப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் எஸ்தர் அக்கா அப்பாவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கீது மாமா. இதுக்குப் போயி பாப்பா பேர சொல்லிக்கினு போனீங்களே,” என்றார்.

ஆறு மாதம் அப்பா மறுத்துக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டார். போன மாதம் வடக்கனந்தலிலிருந்து ஒரு சொந்தக்காரர், தன் மகளுக்கு மூக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று யோசனை கேட்க அப்பாவைத் தேடியே வந்தார். அப்பா அவரைத் தனியாக அழைத்துப் போய், அனுபவஸ்தர் தோரணையில் மெதுவாகச் சொன்னார்:

“வலி ஜாஸ்தி இல்ல. ஆனா கூட போறவரு கைப்பிடி வெச்ச நாற்காலியா பாத்து உக்காரணும்.”